மலைக்குடிலும் ஒற்றைத் தும்மலும்

என் தாய் எனக்குக் கொடுத்த பாலின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இனி வரப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எல்லாம் நான் பக்கத்தில் நின்று பார்த்தவை, என் காதால் கேட்டவை. நம்பாதவர்கள் இப்போதே புத்தகத்தை மூடிவிட்டுப் பேருந்தின் சன்னல் வழியாக வேடிக்கை பார்க்கலாம். எனக்கு வருத்தம் இல்லை.

அந்த இலையுதிர் காலத்தில், தெஹ்ரானுக்கு வடக்கே கடலுக்குப் பக்கத்திலுள்ள ரஷ்த் நகரில் பெய்த மழையில் மீன்காரர்கள் கடலுக்குப் போவதையே விட்டுவிட்டார்கள். கடைவாசலில் கூடையைத் திறந்து வைத்தார்கள். மீன் தானாக நீந்தி வந்து விழுந்தது. எங்கள் துப்பறியும் அலுவலகம் ஒரு பிஸ்கட் பேக்கரியின் மாடியில் இருந்தது. நடத்தியவர் கர்னல் தைலமி. கர்னல் எந்தப் படையிலும் இருந்ததில்லை. ஒருநாள் தெருவில் அவருடைய மீசையைப் பார்த்து நிஜமான மேஜர் ஒருவர் சல்யூட் அடித்துவிட்டார். மனுஷனை அவமானப்படுத்தக் கூடாது என்று இவர் அன்று முதல் கர்னலாகவே இருந்துவிட்டார்.

நான் சியாமக், உதவியாளன். அவர் யோசிப்பார். அந்த நேரத்தில் அறை வெறிச்சோடிப் போகாமல் நான் பேசிக்கொண்டிருப்பேன்.

குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு பெண் உள்ளே வந்தாள். மஹ்லகா. கடைத்தெருவில் ஊறவைத்த ஆலிவ் விற்கும் பஹ்மன் ஆகாவின் ஒரே மகள்.

“கர்னல் ஆகா, எங்க வீட்ல யாரோ வேணும்னே தும்ம வைக்கிறாங்க.”

“எதிர்ல மருந்துக்கடை இருக்கே, கானும்” என்றேன். எங்கள் ஊரில் மரியாதைக்கு ஆணை ‘ஆகா’ என்போம், பெண்ணை ‘கானும்’ என்போம்.

“சியாமக், வாயை மூடு. தேநீர் ஊத்து” என்றார் கர்னல்.

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கொஸ்ரோ என்பவனுக்கு அவளைக் கேட்டிருக்கிறார்கள். அவளுக்கும் அவன் மேல் உயிர். பெண் வீட்டார் பதில் மரியாதைக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போன அன்று, அவனுடைய அப்பா அர்தலான் கான் மார்பில் கை வைத்து, “சியாகூஹ் மலை மேல எங்களுக்கு ஒரு மரக்குடில் இருக்கு. அது உங்களோடதுதான். ரெண்டு குடும்பமும் அங்க போய்த் தங்கி, கல்யாணப் பேச்சை அங்கேயே முடிப்போம்” என்று சொல்லியிருக்கிறார். பஹ்மன் ஆகா தலையாட்டிவிட்டார்.

“நல்ல விஷயம்தானே?” என்றார் கர்னல்.

“அதுக்கப்புறம் எங்க வீட்ல மூணு தடவை கூடிட்டோம். யார் கம்பளி கொண்டு வர்றது, யார் அரிசி, தேநீர் கொதிக்கிற சமோவார் யார் தலையிலன்னு எல்லாம் பேசிக் கடைசியா கிளம்பற நாளைக் குறிப்போம். குறிச்ச உடனே ஒரு தும்மல். ஒண்ணே ஒண்ணு!”

ஒரு தும்மல் வந்தால் ‘பொறு’ என்று அர்த்தம். கூடவே இன்னொன்று வந்தால் ‘உடனே ஓடு’ என்று அர்த்தம். எங்கள் ஊரில் ஒற்றைத் தும்மலுக்கு ரயிலே நின்றிருக்கிறது. ஓட்டுநருக்குச் சளி பிடித்த வாரம் தெஹ்ரானுக்குப் போனவர்கள் யாரும் போய்ச் சேரவில்லை.

“தும்மினது யார்?”

“முதல் தடவை எங்க தூபா அத்தை. அடுத்தது கொஸ்ரோவோட அம்மா. மூணாவது எங்க அப்பாவே. கர்னல் ஆகா, மலையில பனி விழுந்தா பாதை மூடிடும். கொஸ்ரோ தெற்க எண்ணெய்க் கம்பெனி வேலைக்குப் போயிடுவான். அப்பா நேத்து ராத்திரி, ‘ஆண்டவன் மூணு தடவை பொறுன்னு சொல்லிட்டான். வெள்ளிக்கிழமை இன்னொரு ஒத்தைத் தும்மல் வந்துச்சுன்னா, நிச்சயத்துக்கு அவங்க வச்ச சர்க்கரைக் கூம்பைத் திருப்பி அனுப்பிடுவேன்’னு சொல்லிட்டார்.”

சர்க்கரைக் கூம்பு திரும்பிப் போனால் சம்பந்தம் முடிந்தது. அதை ஒட்டவைக்கப் பசை கிடையாது.

“அப்பா இப்படிச் சொன்னது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமா?” என்றார் கர்னல்.

“தெரியாது. எப்படிச் சொல்றது? மரியாதையா இருக்குமா?”

“அத்தைதான்” என்றேன் நான். “தூபா கானுமுக்குக் கல்யாணமாகாத பையன் யாராவது இருப்பானே?”

“இருக்கான்” என்றாள் மஹ்லகா தயக்கத்தோடு.

“முடிஞ்சது. கர்னல், நான் போய்த் தொப்பியை எடுத்துட்டு வர்றேன்.”

கர்னல் என்னைக் கண்டுகொள்ளவில்லை. “தும்மினவங்க பக்கத்துல யார் இருந்தது?”

“எல்லாரும்தான். சின்னக் கூடம். அர்தலான் கான்தான் பாவம், ஒவ்வொரு தடவையும் விழுந்து விழுந்து கவனிச்சுக்கிட்டார். அவர் தோட்டத்து மாதுளையை அவரே உதிர்த்து, வாசனைக்குக் கோல்பர் விதைப் பொடி தூவி, மூடி போட்ட கிண்ணத்துல கொண்டு வருவார். தும்மல் வந்தா அவரோட கைக்குட்டைதான் முதல்ல நீளும். அவ்வளவு நல்ல மனுஷர். மூக்கு சுருங்கும்போதே கைக்குட்டையை எடுத்துடுவார்.”

கர்னலின் மீசை அசைந்தது. “மூக்கு சுருங்கும்போதேவா, சுருங்கறதுக்கு முன்னாடியா?”

அவள் யோசித்தாள். தேநீர்க் குவளை கையிலேயே ஆறியது.

“முன்னாடி” என்றாள் மெதுவாக.

*

மறுநாள் காலை சியாகூஹ் மலையடிவாரத்துக்குப் போனோம். கர்னலின் காரில்தான். அந்தக் கார் மேடு ஏறாது, ஆனால் பின்னோக்கி வைத்தால் ஏறும். ஆகையால் மலையைப் பார்க்காமலே மலை ஏறினோம். பாதையெல்லாம் ஈரம், மேலே மூடுபனி.

பாதி மலையில் மஷ்தி குர்பானின் தேநீர்க்கடை. சுற்றிலும் மரக்குடில்கள் புகைவிட்டுக்கொண்டிருந்தன. வாசலிலேயே நின்று கர்னல் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“கதவை வாங்கப் போறீங்களா, உள்ள வரப் போறீங்களா?” என்றார் மஷ்தி குர்பான். “குளிர் உள்ள வருது.”

“இந்த மலையில எல்லாக் கதவும் உள்பக்கமாத்தான் திறக்குமா, மஷ்தி?”

“வேற எப்படித் திறக்கும்? ராத்திரியில ஆள் உசரத்துக்குப் பனி விழுது. வெளிப்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளிப் பாருங்க, மலையைத் தள்ற மாதிரி இருக்கும். டவுன்லேர்ந்து ஒருத்தன் வந்து அப்படித்தான் கதவு வச்சான். வசந்தம் வரைக்கும் உள்ளேயே கிடந்தான். வெளிய வந்தப்போ அவன் ஆடே அவனை முட்டுச்சு, அடையாளம் தெரியல.”

“மீசை?” என்று கேட்டேன்.

“பின்னல் போட்டிருந்தான்” என்றார் மஷ்தி குர்பான், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். இப்படிப்பட்ட பொய்யர்களைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது.

கர்னல் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சுடச்சுடத் தேநீரை அதன் மேல் உறிஞ்சினார். சூடு தாங்காமல் தலையை மேலும் கீழும் ஆட்டினார். பிறகு அப்படியே நின்றுவிட்டார். குவளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“சியாமக், நான் இப்ப என்ன செஞ்சேன்?”

“வாயைச் சுட்டுக்கிட்டீங்க.”

“அதைப் பார்த்தா உனக்கு எப்படி இருந்தது?”

“பாவமா இருந்தது.”

அவர் பெருமூச்சு விட்டார். குடில் யாருடையது, எங்கே இருக்கிறது என்று விசாரிக்காமலே திரும்பிவிட்டோம். இவ்வளவு தூரம் பின்பக்கமாக வந்தது ஒரு கதவைத் திறந்து பார்க்கவா என்று கேட்டேன். கர்னல் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தார். இறக்கத்தில் காருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது, பிரேக் உட்பட. ஆகையால் நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை பஹ்மன் ஆகாவின் வீட்டுக்கு அழைப்பில்லாமல் போனோம். அதில் ஒரு சிரமமும் இல்லை. பெண் வீட்டார் எங்களை மாப்பிள்ளையின் உறவு என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் உறவு என்று நினைத்தார்கள். “நீங்க யாரு?” என்று கேட்கிற அளவுக்கு மரியாதை கெட்டவர் அந்தக் கூடத்தில் ஒருவரும் இல்லை.

“உங்க பாதம் எங்க கண்ணு மேல” என்று பஹ்மன் ஆகா கர்னலைக் கட்டிக்கொண்டார். “ரொம்ப நாளாச்சு!”

“ரொம்ப நாளாச்சு” என்றார் கர்னல். அதிலும் பொய் இல்லை.

சுட்ட கத்தரிக்காயும் பூண்டு ஊறுகாயும் ஆளை இழுத்தன. ஆனால் என் கண் அலமாரியில் இருந்தது. பச்சை மெல்லிய துணி சுற்றிய சர்க்கரைக் கூம்பு அங்கே நின்றது. அதன் பக்கத்தில் ஒரு காலிக் கூடை தயாராக இருந்தது. திருப்பி அனுப்பத்தான். மஹ்லகா அந்தக் கூடையைப் பார்ப்பதும் பார்வையைத் திருப்புவதுமாக இருந்தாள். எதிரே கொஸ்ரோ, காது இரண்டும் மாதுளை நிறம்.

நான் ஒவ்வொருவராக எடை போட்டேன். தூபா அத்தை, “மலையில கரடி இருக்காம், கதவைத் தட்டிட்டுத்தான் வருமாம்” என்று பயமுறுத்திக்கொண்டிருந்தாள். சந்தேகம். கொஸ்ரோவின் அம்மா கம்பளிக்குள் பூச்சி என்று புலம்பினாள். அதுவும் சந்தேகம். பஹ்மன் ஆகா இடுப்பைப் பிடித்துக்கொண்டே, “மலைக்காத்துன்னா எனக்கு உயிரு” என்று ஈனக்குரலில் சொன்னார். இப்படிச் சந்தேகப்பட்டுக்கொண்டே போனதில், ஒரு கட்டத்தில் நானே என்னை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

அர்தலான் கான் கடைசியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை முடி, வழித்த முகம், மடியில் மூடி போட்ட கிண்ணம். சட்டைப்பையில் கைக்குட்டை முனை தெரிந்தது.

“குடில் பெருசா இருக்குமோ?” என்று கர்னல் அவரிடம் பேச்சுக் கொடுத்தார்.

“உங்க அன்பு அளவுக்குப் பெருசு இல்ல.”

“அடுப்பு எந்தப் பக்கம்?”

“உங்களுக்கு எந்தப் பக்கம் குளிருதோ, அந்தப் பக்கம்.”

“கதவு?”

அர்தலான் கான் கையை விரித்தார். “வெளிப்பக்கமா திறக்கும், ஆகா! காலையில எழுந்து ஒரு தள்ளு தள்ளினீங்கன்னா மலையே காலடியில கிடக்கும்.”

கர்னல் தலைகுனிந்து, “உங்க நிழல் குறையாம இருக்கட்டும்” என்றார். பிறகு என் பக்கம் சாய்ந்து காதில் சொன்னார்: “அவர் கைக்குட்டையை எடுத்த உடனே அது உன் கையில இருக்கணும்.”

“எதுக்கு?”

“சொன்னதைச் செய்.”

பேச்சு முற்றியது. சமோவார் கொஸ்ரோவின் அம்மா தலையில் விழுந்தது. அரிசியைத் தூபா அத்தை ஏற்றுக்கொண்டாள். பஹ்மன் ஆகா தொண்டையைச் செருமினார்: “அப்போ, ஆண்டவன் சித்தம் இருந்தா, நாளைக்கழிச்சு விடியக்காலையில...”

“முதல்ல வாயை இனிப்பாக்கிக்கங்க!” அர்தலான் கான் எழுந்து ஓடி வந்தார். மூடியைத் திறந்து ஒரு சின்னக் கிண்ணம் நிறைய மாதுளை முத்துகளை அள்ளிப் பஹ்மன் ஆகாவின் மூக்குக்கு நேரே நீட்டினார். “நீங்கதான் முதல்ல. உங்களுக்கு முன்னாடி நாங்க தொட்டா அது விஷம்.”

“ஐயோ, பெரியவர் நீங்க...”

“என் மேல ஆணை!”

பஹ்மன் ஆகா குனிந்து மணந்தார். முத்துகளின் மேல் கோல்பர் பொடி வழக்கத்துக்கு மேல் தடிப்பாக இருந்தது. அதில் கருப்பாகவும் ஏதோ கலந்திருந்தது. தும்மல் வருவதற்கு முன்பே அர்தலான் கானின் கை சட்டைப்பைக்குப் போய்விட்டதை நான் பார்த்தேன்.

“ஹ... ஹ... ஹச்!”

ஒரே ஒரு தும்மல். கூடம் கல்லானது. சமோவார்கூடக் கொதிப்பதை நிறுத்தியது, சத்தியமாக. பஹ்மன் ஆகா மெல்ல அலமாரியின் பக்கம் திரும்பினார். மஹ்லகா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கைக்குட்டை நீண்டது. நான் பாய்ந்தேன். “இது எவ்வளவு அருமையான கைக்குட்டை! என் சட்டையில மாதுளைச் சாறு சிந்திடுச்சு. உங்க கையால கிடைச்சது என் பாக்கியம்!”

“இல்ல தம்பி, அது அவருக்கு...”

“உங்க கை வலிக்காம இருக்கட்டும்!” அதற்குள் கறையில்லாத சட்டையைத் துடைத்து முடித்துக் கைக்குட்டையை என் பைக்குள் போட்டுவிட்டேன். அவர் என்ன செய்வார்? நீட்டியதைத் திருப்பிக் கேட்க முடியுமா? அவர் முகம் வெளுத்தது.

பஹ்மன் ஆகாவின் மூக்கு மறுபடி சுருங்கியது. வாய் திறந்தது. கண் மூடியது.

கர்னல் எழுந்து நின்றார். “ஆகா, கானும் எல்லாரும் கேளுங்க. குடில் வேண்டாம்னு ஆண்டவன் சொல்லிட்டான். சரி. அவன் பேச்சை மீறக் கூடாது. அப்போ கல்யாணத்தை இங்கேயே, இந்தக் கூடத்துலேயே, வர்ற வெள்ளிக்கிழமையே...”

“ஹச்!!”

இரண்டாவது. திரைச்சீலை ஆடியது. பக்கத்து வீட்டுச் சேவல் விடிந்துவிட்டது என்று நினைத்துக் கூவியது.

“ரெட்டை!” என்று அலறினாள் தூபா அத்தை. “ஓடுன்னு வந்துடுச்சு! இனி தாமசிக்கக் கூடாது!” எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ கண்ணேறு கழிக்கும் விதைகளைக் கரியில் போட்டுப் புகை காட்டினார்கள். பஹ்மன் ஆகா கண்ணீர் வழிய நின்றார். தும்மலாலா மகிழ்ச்சியாலா தெரியவில்லை. தன் கையாலேயே அந்தக் காலிக் கூடையை எடுத்து அடுக்களைக்குள் வீசினார்.

*

மாடிப்படியின் கீழே, செருப்புகள் கழற்றிப்போட்ட இடத்தில், அர்தலான் கானைக் கர்னல் மடக்கினார்.

“அந்தக் கூடை எதுக்குன்னு தெரியுமா? ஒரு தும்மலோட நின்னிருந்தா சர்க்கரைக் கூம்பு உங்க வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கும். உங்க பையன் கல்யாணத்தை நீங்களே உடைக்கப் பார்த்தீங்க.”

அவர் செருப்புக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். “உடைக்கவா? நானா? அந்தப் பொண்ணு எங்க வீட்டுக்கு வரணும்னு ராத்திரி பகலா...”

“பாருங்க கர்னல், நடிக்கிறாரு” என்றேன். “மருமகளைப் பிடிக்கல. அதான் மிளகு.”

“பிடிக்காம இல்ல, சியாமக். அவர்கிட்ட குடில்தான் இல்ல” என்றார் கர்னல்.



“அந்த மலையில வெளிப்பக்கம் திறக்கிற கதவு கிடையாது. குடில் எங்க இருக்கு, கான்?”

அர்தலான் கான் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். “எங்க வீட்டுச் சுவத்துல. காலண்டர்ல.”

பிறகு எல்லாம் கொட்டிவிட்டார். பெண் வீட்டார் வந்த அன்று அந்தப் படத்தைப் பார்த்து, “அழகா இருக்கே” என்று யாரோ சொன்னார்கள். வந்தவர்களிடம் வெறுங்கையாக இருக்க முடியுமா? உபசாரமாக, “எங்க குடில்தான், வந்து தங்குங்க” என்று சொல்லிவிட்டார்.

“அவரு மூணு தடவை வேண்டாம்னு சொல்வாரு, நானும் மூணு தடவை கெஞ்சிட்டு விட்டுடலாம்னு இருந்தேன். எல்லாரும் அப்படித்தானே செய்வாங்க? பஹ்மன் ஆகா முதல் தடவையே தலையாட்டிட்டாரு! அப்புறம் குடில் இல்லன்னு எப்படிச் சொல்ல? ஆண்டவன் தடுத்தான்னா யாருக்கும் அவமானம் இல்லையேன்னுதான் இந்த மிளகு. பனி விழறவரைக்கும் சமாளிச்சுட்டா போதும்னு பார்த்தேன். மூக்குல ஒட்டின மிளகைத் துடைச்சு, ரெண்டாவது தும்மல் வந்துடக் கூடாதுன்னு கைக்குட்டை.”

“அவர் தலையாட்டினப்போ வாயில என்ன இருந்தது?”

“வாயிலயா? சர்க்கரைக் கட்டி. அப்பத்தான் நான் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் கொடுத்திருந்தேன்.”

“அவர் சம்மதிக்கல, கான். வாய் வெந்துபோச்சு.”

அர்தலான் கான் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அந்தச் சமயம் படியில் மஹ்லகா இறங்கி வந்தாள். கண் ஈரம், வாய் முழுக்கச் சிரிப்பு.

“கர்னல் ஆகா, ஒரு ரகசியம். அப்பா அடுக்களையில போய் அழறார். மலைன்னாலே அவருக்குத் தலைசுத்துமாம். அர்தலான் கான் மனசு புண்படுமேன்னு இத்தனை நாளும் சொல்லலையாம்!”

செருப்புக் குவியலின் மேல் இருந்தவர் விக்கலும் சிரிப்புமாக ஏதோ சத்தம் போட்டார். கர்னல் அவரைத் தூக்கி நிறுத்தினார். “வசந்தத்துல யாராவது குடிலைப் பத்திக் கேட்டா, பனிச்சரிவுல போயிடுச்சுன்னு சொல்லிடுங்க. ஊரே துக்கம் விசாரிக்க வரும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை அதே கூடத்தில் கல்யாணம் நடந்தது. மணமக்கள் தலைக்கு மேல் பிடித்த வெள்ளைத் துணியில் அந்தச் சர்க்கரைக் கூம்பைத்தான் உரசினார்கள். சீனி பனியாக விழுந்தது. யாரும் தும்மவில்லை.

விடைபெறும்போது மஹ்லகா என்னிடம் வந்தாள். “அந்தக் கைக்குட்டையை நீங்க பிடுங்கலன்னா இன்னிக்கு இது இல்ல. முதல் பையன் பிறந்தா சியாமக்னுதான் பேர் வைப்போம்.”

“என் பேரு?” என்றார் கர்னல், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

“கர்னல்னு பேர் வச்சா பள்ளிக்கூடத்துல சேர்த்துக்க மாட்டாங்க, ஆகா” என்றான் கொஸ்ரோ.

சொன்ன வாக்கை அவர்கள் காப்பாற்றினார்கள். மறு ஆண்டு ஒரு பையன் பிறந்தான். சியாமக் என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பையன் நான்தான். பாலின் மேல் ஆணை.